பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

கதவு 'டப்'பென்று சாத்திக்கொண்டது.

நானும் என் வீட்டுக்காரரும் நாலாவது மாடி காரிடாரில் நிற்கிறோம். இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. இவர் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கையில் முருகன் படம். நான் அரக்குப் பட்டு, கையில் ஒரு கிண்ணம் கல் உப்பும் ஒரு கொம்பு மஞ்சளும்.

சாவி உள்ளே. இரண்டு போனும் உள்ளே. அடுப்பில் பால். ஹாலில் ஏற்றி வைத்த குத்துவிளக்கு. அதற்கு ஆறடி தள்ளி, தரையில் விரித்த போர்வையில், எங்கள் மகள் கயல். ஒன்றேகால் வயசு. தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நல்லா வந்தோம்ங்க குடித்தனம் பண்ண!" என்று சொல்லி இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"செல்வி, அடுப்பக் குறைச்சு வச்சியா?"

"எங்க குறைச்சேன்? பொங்கணும்னு தானே வச்சிருக்கு!"

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

எட்டு மணி என்னுடையது

நாங்கள் ஷார்ஜாவுக்குக் குடித்தனம் வந்த கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொரோனா ஓய்ந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் இவர் சவுதியில், யான்புவில் ஒரு ரிஃபைனரி வேலை, கேம்ப் வாழ்க்கை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் இவரோடு சேர்ந்து இருந்தது லீவு நாட்கள் மட்டும்தான். இங்கே வேலை மாறி, ஃபேமிலி விசா கிடைத்ததும் பத்து மாசக் கைக்குழந்தையோடு வந்து இறங்கினேன்.

வந்து இறங்கிய இடம் ஷேரிங். ஒரே ஃபிளாட்டில் மூன்று குடும்பம். எங்கள் பங்கு, ஹாலில் பிளைவுட் அடித்துத் தடுத்த பாதி. சமையலறைக்கு முறை உண்டு. ஆறிலிருந்து ஏழு மலையாளச் சேச்சி, ஏழிலிருந்து எட்டு ஒரு தெலுங்குப் பெண், எட்டுக்குமேல் நான். எட்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் குக்கரை ஏற்றாவிட்டால் அன்றைக்கு இட்லிக்கு வழியில்லை, பிரெட்டுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தப் பிளைவுட். அந்தப் பக்கம் ஒருத்தர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் நமக்குத் தூக்கம் வரும். எனக்கோ பிறவியிலேயே கட்டைத் தொண்டை. சாத்தூர்ச் சந்தையில் நின்று கூப்பிட்டால் வைப்பாற்றுக்கு அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று என் அண்ணன் கேலி செய்வான். அப்பேர்ப்பட்ட நான் அஞ்சு மாசம் புருஷனோடு சண்டையைக் கூட ரகசியமாகத்தான் போட்டேன். காதோரம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்று கேட்டால் அதில் என்ன ருசி இருக்கிறது, சொல்லுங்கள்.

அதனால் ஒரு பெட்ரூம், ஒரு ஹால், பால்கனியோடு தனி ஃபிளாட் என்று இவர் சொன்னபோது நான் வாடகை எவ்வளவு என்று கூடக் கேட்கவில்லை. "சுவரு செங்கலா?" என்றுதான் கேட்டேன்.

பக்கத்து ஃபிளாட்டில் ஒரு சீனத் தம்பதி. அவர்களும் புதுசு. புருஷன் எங்கோ பெரிய சைனா சந்தையில் லைட் கடை வைத்திருக்கிறாராம், நாத்தூர் சொன்னார். வாட்ச்மேனை இங்கே நாத்தூர் என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். தமிழும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது, இங்கிலீஷ் 'ஹலோ'வோடு சரி. வீடு கழுவ வந்த இரண்டு நாளும் நான் வாளியோடு போகும்போது அவள் குப்பைப் பையோடு வருவாள். பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அதற்குமேல் என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

வீட்டுக்குள்ளும் சேஃப்டி ஆபீசர்

இவருடைய உத்தியோகம் சேஃப்டி ஆபீசர். கட்டடம் எழும்புகிற சைட்டில் தினமும் காலையில் முந்நூறு பேரை நிற்க வைத்து, ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, கம்பியைப் பிடித்து இறங்கு என்று ஹிந்தியில் கத்துகிற வேலை. "ஜல்தி கரேகா தோ ஊப்பர் ஜாயேகா" என்பாராம். அவசரப்பட்டால் மேலே போய்ச் சேருவாய் என்று அர்த்தம்.

இந்த வியாதி வீட்டுக்கும் வரும். பாப்பாவுக்குப் பால் ஆற்றும்போது டம்ளரைக் கையில் தூக்கிப் பிடித்தால், "கீழ வச்சு ஆத்து, செல்வி" என்பார். நாற்காலிமேல் ஏறினால் ஓடி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் கல்யாணத்தன்று நடந்தது இன்னும் எங்கள் பக்கத்துச் சொந்தங்களுக்குள் பேச்சாக இருக்கிறது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை மணவறையை விட்டு எழுந்து போகிறார். எங்கே என்று பார்த்தால், சமையல் பந்தலில் கேஸ் சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்ததாம். அதை நிமிர்த்தி, பத்தடி தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்குப் பசி தாங்கல போல" என்று என் சித்தப்பா அன்றைக்குப் பூராவும் ஓட்டினார்.

இப்படிப்பட்ட மனுஷன் எப்படிக் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி விட்டார் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் விடவில்லை. நான்தான் விட்டேன். என்கூட என் மாமியார்.

வலது கால்

தை மாசம், வெள்ளிக்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அத்தை ஊரிலிருந்து வீடியோ காலில் இருந்து நடத்தி வைப்பதாக ஏற்பாடு. இங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது. மாசக் காசு கட்டி ஒரு ஆப் வைத்திருந்தோம். பால்கனிக் கதவோரம் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் இவருடைய போனை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ஹால் முழுக்க, வாசல் வரைக்கும் தெரியும்.

எட்டரைக்கு வருவதாகச் சொன்ன கேஸ்காரர் பத்து மணிக்கு வந்தார். "சாரி பாய், டிராஃபிக்" என்று சிலிண்டரை மாட்டி முடிக்கும்போது பத்து தாண்டி நாலு நிமிஷம். நான் அதற்குள் பாதி அழுதிருந்தேன். புது அடுப்பு, புதுப் பாத்திரம். இரண்டு லிட்டர் பாலையும் கவிழ்த்து, தீயை முழுசாகத் திருப்பி விட்டேன். பாப்பா கேஸ்காரர் வருவதற்கு முன்னாலேயே தூங்கிப் போயிருந்தாள்.

பெருமூச்சு விட்டு ஹாலுக்கு வந்தால் போனிலிருந்து அத்தை. "ஏத்தா செல்வி, ரெண்டு பேரும் வலது கால எடுத்து வச்சு வந்தீகளா?"

எங்கே வந்தோம்? காலையிலிருந்து மூட்டையும் வாளியுமாக இருபது தடவை உள்ளே வெளியே என்று போயிருக்கிறோம். எந்தக் காலை வைத்தோமோ யாருக்குத் தெரியும்.

"பாதகமில்ல தாயி. பால் பொங்குறதுக்குள்ள வெளிய போயி, சாமி படமும் உப்பும் மஞ்சளும் எடுத்துக்கிட்டு ஒரு தடவ முறையா வந்துருங்க. நான் கண்ணால பாத்துக்கிறேன்."

இவர் தயங்கினார். "அடுப்பு எரியுதும்மா. புள்ள வேற தூங்குது."

"அரை நிமிசம் ஆகுமாய்யா? தூங்குற புள்ளைய எழுப்பாத."

"அப்ப அந்த விளக்கையாவது அமத்திட்டுப் போவோம், செல்வி."

எனக்கு வந்ததே கோபம். வெள்ளிக்கிழமை, புது வீடு, முதல் விளக்கு, அதை ஏற்றிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அமத்துவதாம்! "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? இது ஒண்ணும் உங்க சைட் இல்ல" என்றேன். அதுவும் எப்படி? அஞ்சு மாசத்துக்கு அப்புறம் முழுத் தொண்டையில். செங்கல் சுவர் வந்துவிட்ட தைரியம்.

இவர் முருகன் படத்தை எடுத்துக்கொண்டார். பெயின்ட் நாற்றம் போவதற்காகப் பால்கனிக் கதவைத் திறந்து போட்டிருந்தேன். தை மாசத்துக் காற்று, கடலிலிருந்து ஒரே வீச்சு. நாங்கள் வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி நின்று, வலது காலைத் தூக்கவில்லை இன்னும், அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. இங்கே கதவெல்லாம் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற ரகம். வெளியே இருந்து சாவி இல்லாமல் திறக்காது.

கதவுக்கு இந்தப் பக்கம்

இவர் முதலில் தோளால் மோதினார். மூன்று தடவை. கதவு அசையவில்லை. சாமி படத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு நாத்தூரைத் தேடிப் படியில் ஓடினார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அத்தை குரல் கேட்டது. "எய்யா! என்னய்யா ஆச்சு? ஏன் கதவச் சாத்துனீக?"

"அத்தை! கதவு பூட்டிக்கிச்சு! பாப்பா என்ன பண்றா?"

"தூங்குறா தாயி."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டேன்.

இவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். நாத்தூர் கீழே இல்லை, பக்கத்துப் பில்டிங்கில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறாராம். பழைய சாவி அவரிடம் இருந்தாலும் பிரயோஜனமில்லை, முந்தாநாள்தான் பூட்டு மாற்றியது.

அப்புறம்தான் இவர் ஒன்று செய்தார். அந்தப் பட்டு வேட்டியோடு அப்படியே தரையில் குப்புறப் படுத்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சொன்னார்.

"பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிருச்சு. கேஸ் வருது."

"அணைஞ்சிருச்சுன்னா நல்லதுதானே?" என்று கேட்டேன். அவ்வளவு மக்கு நான்.

"தீ அணைஞ்சிருச்சு செல்வி. கேஸ் அணையல. அது கனமான கேஸ். மேல போகாது, தரையோட தரையாத்தான் பரவும். அங்க விளக்கு தரையிலதான் இருக்கு."

பிள்ளையும் தரையில்தான் இருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், உதவி செய்வதாக நினைத்து எங்கள் வீட்டுக் காலிங் பெல்லை அமுக்கக் கையைக் கொண்டு போனாள். "நோ! நோ! டச் பண்ணாதீங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் அவள் நடுங்கிப் பின்னால் போய்விட்டாள். பெல்லில் ஒரு பொறி கிளம்பினால் போதும் என்று பிறகு சொன்னார். அவளிடமிருந்து போனை வாங்கித் தீயணைப்புக்குப் பேசினார். பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்னார்கள்.

உள்ளே பாப்பா அழுகிற சத்தம்.

"முழிச்சுட்டா!" அத்தை குரல் கிறீச்சிட்டது. "எய்யா, எந்திரிச்சு உக்காந்துட்டா! அம்மாவத் தேடுறா! அடி ஆத்தீ, விளக்கப் பாக்குறாளே!"

ஒரு எட்டு தூரம்

இவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "பால்கனி, பால்கனி" என்று கையைக் காட்டினார். அவள் உடனே புரிந்துகொண்டாள். எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

அவள் பால்கனிக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். கைப்பிடிக் கம்பியைத் தாண்டி வெளிப்பக்கம் நின்று, சுவரைச் சுற்றி ஒரு எட்டு வைத்தால் எங்கள் கம்பி. கீழே நாலு மாடி. பார்க்கிங்கில் நிற்கிற கார்களின் கூரை தெரிந்தது.

அங்கிருந்து உள்ளே பார்க்க முடியாது. ஆனால் சத்தம் துல்லியமாகக் கேட்டது. அத்தை பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "கயலு! இங்க பாரு! அப்பத்தா இங்க இருக்கேன்ல! கோழி எப்படிக் கத்தும்? கொக்கொக்கோ! இங்க வா சாமி! அங்க போகாத, அது சூடு, ஊஊ!" ஆயிரத்தெட்டு மைலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷி கோழியாகக் கத்துகிறாள், நாய் மாதிரி குரைக்கிறாள். பாப்பாவின் கொலுசு 'சலக் சலக்'கென்று போனை நோக்கி வந்தது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பியில் இரண்டு கையையும் வைத்தார். வலது காலைத் தூக்கிக் கம்பிமேல் போட்டார்.

எடுத்துவிட்டார்.

மறுபடி போட்டார். கீழே பார்த்தார். மறுபடி எடுத்தார். கை இரண்டும் கம்பியை விட்டு வரவில்லை. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து வழிகிறது.

"என்னங்க, போங்க!"

"போறேன்."

மூன்றாவது தடவையும் கால் கம்பி வரைக்கும் போய்த் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து அத்தை குரல் நடுவிலேயே நின்றுபோனது. பாப்பா போனைத் தொட்டுவிட்டாள் போலிருக்கிறது. கால் கட். உள்ளே ஒரே அமைதி. அப்புறம் கொலுசுச் சத்தம். பால்கனிப் பக்கமிருந்து விலகி, உள்பக்கமாக, விளக்கு இருக்கிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"தொடநடுங்கி! நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா? தள்ளுங்க!"

அவர் தள்ளிக்கொண்டார்.

ஊது

புடவையைத் தூக்கிச் சொருகினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கம்பிக்கு வெளியே நின்றது நினைவிருக்கிறது. காற்று புடவையைப் படபடவென்று அடித்தது. அந்தச் சீனப் பெண் என் இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வளையல் உடைந்து கையில் குத்தியது, அப்போதும் அவள் விடவில்லை. வலது காலை எட்டி எங்கள் கம்பியின் அடியில் வைத்தேன். பிடி கிடைத்ததும் அவள் கையை உதறினேன். அந்தப் பக்கம் விழுந்து எழுந்தேன். முழங்கால் சிராய்த்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இவர் குரல். இப்போது தயக்கமே இல்லை. சைட்டில் கத்துகிற குரல்.

"செல்வி! சுவிட்ச் எதையும் தொடாத! ஃபேன் போடாத! முதல்ல விளக்கு! புள்ளையத் தூக்காத, முதல்ல விளக்க ஊது!"

கேஸ் நாற்றம் மூஞ்சியில் அடித்தது. பாப்பா விளக்குக்கு இரண்டடி தள்ளி, இவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, சுடரை வேடிக்கை பார்த்தபடி நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் "ம்மா" என்று கையைத் தூக்கினாள். அவளைத் தாண்டிப் போனேன். பெற்ற பிள்ளை கையை நீட்டும்போது தாண்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று வளர்த்தார்கள். பூவால் அமர்த்த வேண்டும், பால் துளியால் குளிர வைக்க வேண்டும். நான் முட்டிபோட்டு, ஐந்து முகத்தையும் ஊதினேன். அடுப்படிக்கு ஓடி ரெகுலேட்டரை மூடினேன். தரையெல்லாம் பால். வழுக்கிக்கொண்டே வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு பால்கனிக்கு ஓடி வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அவளும் அழுதாள், எதற்கென்று தெரியாமல்.

"மூடிட்டியா? ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" இவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"மூடிட்டேன். நல்லா இருக்கோம்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்தவர் பாப்பாவின் தலையைத் தொட்டார். அப்புறம் ஜன்னலெல்லாம் திறந்தார், ரெகுலேட்டரைச் சரிபார்த்தார், பால் வழிந்த தரையில் சாக்கைப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒரு கருவியை வைத்து மூலைக்கு மூலை பார்த்துவிட்டு, "கலாஸ், மாஃபி முஷ்கில்" என்று அவர்களில் பெரியவர் சொன்னார். முடிந்தது, ஒன்றும் பயமில்லை என்று அர்த்தம். பால்கனிக் கதவு திறந்திருந்ததுதான் உங்களைக் காப்பாற்றியது என்றார். யார் ஏறிக் குதித்தது என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். "சேஃப்டி ஆபீசர்" என்றார் இவர். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்து, என்னைக் காட்டி, "நோ நோ, ஷீ சேஃப்டி ஆபீசர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

அத்தை மறுபடி கூப்பிட்டபோது அவர்களுக்குக் குரலே வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பேத்தியைத் திரையில் பார்த்து, "என் தங்கமே, என் தங்கமே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கிச்சா என்று கேட்கவே இல்லை. அடுத்தடுத்து சித்தி, பெரியம்மா, என் அண்ணன், நாத்தனார் என்று ஒரு ஊரே கூப்பிட்டது. பாப்பா எப்படி இருக்கா, பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே, பாப்பாவைக் காட்டு.

செங்கல் சுவர்

மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு வாங்கி வந்தோம். இவர் சாப்பிடவில்லை. பால் கறை பட்ட வேட்டியை மடித்துக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி சைட்ல ஒருத்தர் விழுந்துட்டார். சாரம் கட்டுறவர், ஒரிசாக்காரர். ஏழாவது மாடி. பெல்ட் போட்டிருந்தார், கொக்கிய மாட்டல. 'பாய், மாட்டு'ன்னு கத்துனேன். என் குரல் கேட்டுக் கீழ குனிஞ்சு பாத்தார். எனக்குப் பத்தடி தள்ளிதான் வந்து விழுந்தார்."

நான் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"பெட்டியில வச்சு ஊருக்கு அனுப்பியாச்சு. அன்னையிலருந்து நான் ரெண்டாவது மாடிக்கு மேல ஏறல. கீழயே நின்னு பாத்துட்டு வந்துருவேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அங்க எப்படிச் சொல்ல? பிளைவுட். நீ வேற கத்துவ. புது வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். செத்துப் போகலாம் போலிருந்தது. என்னென்னவோ சொல்ல வந்து, கடைசியில் இவ்வளவுதான் வந்தது. "பால்கனியில நான் ஒண்ணு சொன்னேன்ல... அது பதட்டத்துல வந்துருச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"எத?"

"அதான், நான் சொன்னது."

"நீ என்ன சொன்ன? காத்து அந்த அடி அடிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல, செல்வி."

அப்படியா என்று கேட்டேன். ஆமா என்றார். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா? கேட்கவில்லையாம். கேட்டிருக்காதுதான், அவ்வளவு காற்று. முருகா, என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு காப்பி போடப் போனேன்.

சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். பெல்லைத் தொடப் பயந்து, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க்யூ, தேங்க்யூ" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் பாப்பாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். பிறகு என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தாள். இவர் ஹால் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் போனை எடுத்து அதில் மெதுவாக ஏதோ பேசி, என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மொழிபெயர்க்கிற ஆப். உயிரில்லாத ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் கேட்டது.

"உங்கள் கணவர் நலமாக இருக்கிறாரா?"

காலையிலிருந்து அதுவரை அவரைப் பற்றி யாருமே கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அவளுக்கே, அந்தக் காற்றில், நான் சொன்னது கேட்டிருந்தது.